மனக்கோயிலும் ஓவியத் தொடரும்

சென்னை மாநகரின் மேற்கே, தொண்டை நாட்டின் பழம்பதிகள் பல அடுத்தடுத்து அமைந்துள்ளன. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் ஆகிய ஊர்களைக் கடந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் நெமிலிச்சேரி என்னும் ஊர் உள்ளது. ஏரியும் வயலுமாக இருந்த அப்பகுதியின் ஊடே, வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை இன்று செல்கின்றது. நெமிலிச்சேரிக்கு அடுத்த நிலையம் திருநின்றவூர். பூசலார் என்னும் அடியவர் வாழ்ந்த ஊர் அது.

பூசலார் இறைவனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார். கையில் பொருள் இல்லை, தேடியும் கிடைத்திலது. ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். கல்லும் மரமும் மனத்திலேயே சேர்த்தார். தச்சரை மனத்திலேயே அமைத்தார். நல்ல நாளில் அடித்தளம் இட்டு, இரவும் கண்துயிலாது, மதிலும் கிணறும் குளமும் முறையாக அமைத்துக் கோயிலை முடித்தார். குடமுழுக்கிற்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்யப் பல்லவ மன்னன் எண்ணியிருந்தான். முதல்நாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசலின் கோயிலில் தான் எழுந்தருள இருப்பதால் வேறு நாள் கொள்ளுமாறு பணித்தான். மன்னன் நின்றவூருக்கு வந்து அக்கோயிலைத் தேடினான். கண்ணுக்குப் புலப்படும் கோயில் எதுவும் ஆங்கு இல்லை. உண்மையை உணர்ந்ததும் பூசலாரின் அடிகளில் வீழ்ந்து வணங்கினான். அருகிலுள்ள குன்றத்தூரிலே பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் வரலாறு இது.

இவ்வரலாறு சமயநெறி நிற்போர்க்கு அன்பின் பெருமையை உணர்த்துகின்றது. கலைத்தொழில் புரிவோர்க்கும் இஃது ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. ஒரு படைப்பின் பெருமை, அதற்குச் செலவான பொருளில் இல்லை. அதன் பருமனிலும் இல்லை. அடித்தளம் முதல் முடி வரை ஒருவர் உள்ளத்தில் அது முழுமையாக நின்றதா என்பதே வினா. இவ்வளவுகோலைக் கொண்டு அளக்கத்தக்க புதிய கலை ஒன்று இன்று நெமிலிச்சேரியின் இல்லந்தோறும் புகுந்துள்ளது.

மாலை வேளையில் நெமிலிச்சேரி நிலையத்தின் நடைமேடையில் வண்டிக்குக் காத்து நிற்கும் மாணவரின் பேச்சைக் கேட்டால் இது விளங்கும். கைப்பேசியின் சிறு திரையில் யப்பான் நாட்டு ஓவியங்கள் அசைகின்றன, தமிழும் பேசுகின்றன. ‘அனிமே’ என்று வழங்கும் அத்தொடர்களின் பெயர்கள் அவர்களுக்கு அண்டை வீட்டார் பெயர்போல் பழகியுள்ளன. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ‘டீமன் ஸ்லேயர்’ என்னும் தொடரின் திரைப்படம் தமிழ் பேசி இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. முன்னர்ப் பிள்ளைகளின் விளையாட்டு எனக் கருதப்பட்ட கலை, இளைஞரின் ஓய்வுப் பொழுதில் பெரும்பகுதியைத் தனதாக்கிக் கொண்டுவிட்டது.

இக்கலையைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. முதியோர் பலர், “இவை வெறும் பொம்மைப் படங்கள், காலத்தை விழுங்குவன” என்று ஒதுக்குகின்றனர். இளையோர் பலர், தாம் விரும்பும் தொடர் எதுவாயினும் அதனையே ‘தலைசிறந்த படைப்பு’ என்று போற்றுகின்றனர். முன்னவர் காணாமலே இகழ்கின்றனர். பின்னவர் ஆராயாமலே புகழ்கின்றனர். இரண்டும் பிழையே. பதரும் மணியும் கலந்து கிடக்கும் களத்தில் அனைத்தையும் வீசி எறிபவனும் உழவன் அல்லன். அனைத்தையும் மூட்டை கட்டுபவனும் உழவன் அல்லன். தூற்றிப் பார்ப்பவனே உழவன். ஆதலின், ஓர் ஓவியத் தொடரைத் தலைசிறந்ததாக ஆக்குவது யாது என்று தூற்றிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் இக்கலையின் இயல்பை அறிதல் நலம். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் கண்முன் ஓடுகின்றன. ஒரு தொடரின் ஒரு பகுதி ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும் என்று கொள்வோர், அதில் 31,680 படங்கள் ஓடுவதைக் கணக்கிட்டுக் காணலாம். அத்தனையையும் தனித்தனியே கையால் வரைவது வாரந்தோறும் வெளிவரும் தொடருக்கு இயலாத செயல். எனவே, ஒரே ஓவியத்தைப் பலமுறை காட்டுதல், வாய் மட்டும் அசைய முகத்தை அசையாது நிறுத்துதல், பின்புலத்தை மட்டும் நகர்த்துதல் முதலிய உத்திகள் பிறந்தன. அசையாத படத்தில் அசைவை உணரச் செய்வதே இக்கலையின் அடிப்படை.

தமிழர்க்கு இது முற்றிலும் அயலானதன்று. குமரி மாவட்டத்தின் தோற்பாவைக் கூத்தர், விளக்கொளியில் தோலோவியங்களை அசைத்து இராமகாதையைப் பல இரவுகள் நடத்தினர். தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து இரவு இரவாகத் தொடர்ந்து நடப்பதுண்டு. ஒரு பெருங்கதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மறுநாளும் மக்கள் வந்து அமருமாறு சொல்லும் திறம் இம்மண்ணில் நெடுநாள் பயின்ற ஒன்றே. கூத்தின் நயம் அறிந்தவர்க்கு ஓவியத் தொடரின் நயம் அறிதலும் அரிதன்று.

இனி, தலைசிறந்த தொடரின் இயல்புகளை ஆராயலாம். முதலாவது இயல்பு, சிறிய கருவியைக் கொண்டு பெரிய பயன் விளைத்தல். 1963ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில், ‘அணுச் சிறுவன்’ எனத் தமிழில் கூறத்தக்க தொடரை ஒசாமு தெசுகா என்பார் யப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கினார். மருத்துவம் பயின்று, பின்னர் ஓவியக் கதைகளில் தம் வாழ்வைச் செலுத்தியவர் அவர். 1966ஆம் ஆண்டின் இறுதிவரை 193 பகுதிகள் வெளிவந்தன. பொருளும் காலமும் குறைவாக இருந்தமையால் படங்களின் எண்ணிக்கையை அவர் பெரிதும் குறைத்தார். ஆயினும், காண்போர் உள்ளம் குறையை உணரவில்லை. மகனை விபத்தில் இழந்த அறிஞர் ஒருவர், அவனைப் போன்ற இயந்திரச் சிறுவனை ஆக்குகின்றார். அவன் வளரமாட்டான் என்று கண்டதும் வெறுத்து, வேடிக்கைக் காட்சிக் குழுவினர்க்கு விற்றுவிடுகின்றார். கைவிடப்பட்ட அச்சிறுவன், தன்னை வெறுத்த மனிதர்க்கே உதவுகின்றான். இத்துயரத்தைக் காட்டுவதற்கு ஆயிரம் படங்கள் வேண்டா. அசையாத கண்ணில் நிற்கும் ஒரு துளி நீர் போதும். கண்கூச வைக்கும் ஒளியும் வண்ணமும் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை நீக்கிவிட்ட பின்னும் நெஞ்சில் தங்குவது யாது என்று கேட்பதே முதல் தேர்வு.

இரண்டாவது இயல்பு, வாழ்வை உற்று நோக்கி உண்மையை வரைதல். 1974ஆம் ஆண்டில் 52 பகுதிகளாக வெளிவந்த ‘ஹெய்டி’ என்னும் தொடர் இதற்குச் சான்று. மலைச்சிற்றூரில் பாட்டனாருடன் வாழும் ஒரு சிறுமியின் கதை அது. அதனை இயக்கிய இசாவோ தகஹாதாவும், காட்சிகளை அமைத்த ஹயாவோ மியாசாகியும் பிறரும் முந்திய ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து சென்று, மலைகளையும் வீடுகளையும் நேரிற் கண்டு வந்தனர். அத்தொடரில் போர் இல்லை, மாயம் இல்லை. வைக்கோலில் படுக்கை விரித்தலும், ஆட்டுமந்தை மேய்த்தலும், பாட்டனார் அடுப்புத் தீயில் உருக்கிய பாற்கட்டியை ரொட்டியின்மேல் இட்டுத் தருதலுமே நிகழ்ச்சிகள். ஆயினும், நகரத்தில் அடைபட்ட அச்சிறுமி மலையை நினைந்து ஏங்கும்போது காண்போரும் ஏங்குகின்றனர். மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் எட்டாக வகுத்தார். வெகுளியையும் அச்சத்தையும் மட்டும் ஓயாது கிளறும் தொடர்கள் பல. நகையும் அழுகையும் வியப்பும் உவகையும் அமைய, மனித நெஞ்சத்தின் முழுப் பரப்பையும் தொடுவனவோ சிலவே.

மூன்றாவது இயல்பு, வினைக்கு விளைவு காட்டுதல். தாழ்ந்த தொடர்களில் தலைவன் வீழ்வான். அடுத்த பகுதியில் எழுவான். ஊர் அழியும், மறுநாள் அஃது எவர்க்கும் நினைவிராது. உயர்ந்த படைப்பில் ஒவ்வொரு செயலுக்கும் விலை உண்டு. ஆராயாது அளித்த ஒரு தீர்ப்புக்காகப் பாண்டியன் உயிரையே இழந்தான் என்று காட்டிய சிலம்பின் நெறியும் இதுவன்றோ? ஹிரோமு அரகாவா என்னும் பெண் ஓவியர் 2001 முதல் 2010 வரை எழுதிய ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ என்னும் கதையில், தாயை இழந்த சிறுவர் இருவர், தடுக்கப்பட்ட கலையால் அவளை மீட்க முயல்கின்றனர். தாய் மீளவில்லை. மூத்தவன் காலை இழக்கின்றான். இளையவன் உடல் முழுவதையும் இழக்கின்றான். தம்பியின் உயிரையேனும் ஓர் இரும்புக் கவசத்தில் நிறுத்துவதற்காக அண்ணன் தன் கையையும் கொடுக்கின்றான். ஒன்றைப் பெறுவதற்கு அதற்கு ஈடான ஒன்றைத் தருதல் வேண்டும் என்னும் விதி கதை முழுவதும் நின்று ஆள்கின்றது. இக்கதை இருமுறை தொடராயிற்று. 2003இல் தொடங்கிய முதல் தொடர், மூலக்கதை முடியாதபோதே தொடங்கியதால் வேறு முடிவைத் தானே அமைத்துக்கொண்டது. 2009இல் தொடங்கிய இரண்டாம் தொடர், மூலத்தைப் பின்பற்றி 64 பகுதிகளில் நிறைவுற்றது. தொடக்கத்தில் இழந்த கையும் உடலும் இறுதிப் பகுதி வரை மறக்கப்படவில்லை. அடித்தளத்தில் இட்ட கல்லின்மேலே கோபுரம் எழுந்தது.

நான்காவது இயல்பு, முடிக்க அறிதல். ‘நருட்டோ’ என்னும் தொடர் 2002 முதல் 2017 வரை, இரு பிரிவுகளாக, 720 பகுதிகள் ஓடியது. பெற்றோரற்ற சிறுவன் ஒருவன் ஊராரின் வெறுப்பை வென்று மதிப்புப் பெறும் கதை அது. அதன் சிறந்த பகுதிகள் நெஞ்சை உருக்குவன. எனினும், மூலக்கதை வளர்வதற்குள் தொலைக்காட்சி அதனை நெருங்கிவிட்டமையால், கதைக்கு வேண்டாத நிரப்புப் பகுதிகள் பல இடையிடையே சேர்ந்தன. நீளம் பெருகியது, கட்டு நெகிழ்ந்தது. இதற்கு மாறான நிலையையும் காணலாம். 1979இல் யோஷியுகி தொமினோ இயக்கிய ‘கண்டம்’ என்னும் தொடர் 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. காண்போர் குறைவு என்று கருதி அதனை 43 பகுதிகளோடு நிறுத்தினர். ஆயினும், போரில் சிக்கிய ஒரு சிறுவன், பகைவரும் மனிதரே என்று உணரும் அக்கதை எங்குச் சென்று சேர வேண்டும் என்பதை ஆக்கியோர் அறிந்திருந்தனர். எனவே, குறைத்த அளவிலும் அது முழுமை பெற்றது. மறு ஒளிபரப்பில் புகழ் ஓங்கியது. 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாகவும் வந்தது. தமிழிலும் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை, மணியம் அவர்களின் ஓவியங்களுடன், வாரந்தோறும் ‘கல்கி’ இதழில் வெளிவந்தது. வாரத்தை நோக்கி மக்களைக் காக்க வைத்தது ஒரு திறம். வாரங்கள் கடந்த பின்னும் ஒரே நூலாக நின்றது அதனினும் பெருந்திறம்.

“சுவை அவரவர் விருப்பம் அன்றோ? ஒருவர்க்கு இனிப்பது மற்றொருவர்க்குக் கசக்கலாம். இதில் அளவுகோல் எதற்கு?” என்று சிலர் வினவலாம். விரும்புதல் வேறு, மதித்தல் வேறு. ஒருவன் சிறுவயதில் கண்ட எளிய தொடரை வாழ்நாள் முழுவதும் விரும்பலாம், அதில் குற்றமில்லை. அதனைத் தலைசிறந்தது என்று பிறர்க்குக் கூறும்போதோ, காரணம் காட்டும் கடமை அவனைச் சார்கின்றது. பலர் பார்த்தனர் என்பதும் காரணம் ஆகாது. ‘கண்டம்’ முதலில் வெளிவந்தபோது பார்த்தவர் சிலரே. குறையே இல்லாதது என்பதும் இலக்கணம் ஆகாது. 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ‘இவாஞ்செலியன்’ தொடரின் இறுதிப் பகுதிகள் இரண்டும் பெரும் வாதத்தை எழுப்பின. 1997இல் வேறொரு முடிவு திரைப்படமாக வந்தது. ஆயினும், தன்னைத் தானே வெறுக்கும் ஓர் இளைஞனின் உள்ளத்தைத் திறந்து காட்டிய அதன் துணிவை எவரும் மறுத்திலர். மேற்கூறிய நான்கனுள் ஒன்று குறையினும் மற்றவை தாங்கி நிற்கலாம். நான்கும் இல்லாவிடத்து விளம்பரம் தாங்காது.

ஒளிர்கின்ற திரையின் பின்னே உழைக்கின்ற கைகளையும் மறத்தலாகாது. தெசுகா தம் தொடரை, ஆக்கச் செலவினும் குறைந்த விலைக்கே தொலைக்காட்சிக்குத் தந்தார். அவர் தொடங்கிய படநிறுவனம் 1973இல் நொடித்தது. குறைந்த ஊதியத்திற்கு நெடுநேரம் வரையும் நிலை அத்துறையில் பின்னரும் நீடித்தது. கலையின் உயர்வைப் போற்றுவோர், கலைஞரின் பசியைப் பொருட்படுத்தாதிருத்தல் முறையன்று. உரிய விலை கொடாமல் களவாகப் படியெடுத்த படத்தைக் காண்பவனும் அப்பசிக்கு ஒரு பங்கு காரணன் ஆகின்றான்.

இறுதியாக ஒரு வினா எழுகின்றது. நெமிலிச்சேரியின் இளைஞர் பிறர் வரைந்ததைக் காண்பதோடு அமைந்துவிடுவதா? 1990களின் தொடக்கத்தில் யூகோ சாகோ என்னும் யப்பானியர், இந்திய இயங்குபடக் கலைஞர் ராம் மோகன் முதலியோருடன் இணைந்து இராமகாதையை ஓவியத் திரைப்படமாக ஆக்கினார். அது 2025ஆம் ஆண்டு சனவரியில் தமிழிலும் திரையரங்குகளில் வந்தது. இந்நாட்டுக் கதையின்மீது அயல்நாட்டார் ஒருவர் காட்டிய ஈடுபாடு போற்றத்தக்கது. இந்நாட்டு இளைஞரைச் சிந்திக்க வைக்கத்தக்கதும் ஆகும். ஹெய்டியின் மலையை வரைந்தவர்கள் அயல்நாட்டுக்குச் சென்று உற்று நோக்கினர். நெமிலிச்சேரியின் மாணவர்க்கு அத்துணைத் தொலைவு செல்ல வேண்டிய தேவை இல்லை. மழைநாளில் நிறையும் ஏரியும், விடியலில் தொழிற்சாலைக்கு விரையும் தொழிலாளர் நெருங்கி நிற்கும் மின்தொடர் வண்டியும், வயல் மனையாக மாறும்போது வரப்பில் நின்று பார்க்கும் முதியவரின் முகமும் அவர்தம் கண்முன்னே உள்ளன. அவற்றை வரைவார் இல்லாத குறையே குறை.

கருவி இல்லை, பொருள் இல்லை என்று தயங்குவோர்க்கு அடுத்த நிலையத்தின் பழங்கதை விடை கூறும். பூசலாரிடம் ஒரு செங்கல்லும் இல்லை. ஆனால் மதில் எங்கே, குளம் எங்கே, முடி எங்கே என்பது முழுவதும் அவர் உள்ளத்தில் இருந்தது. அத்தகைய முழுமையுடன் நெமிலிச்சேரி மாணவர் ஒருவர் தம் பள்ளி ஏட்டின் ஓரத்தில் முதற்கோட்டை இழுப்பாராயின், அஃது ஒரு நல்ல தொடரின் கால்கோள் ஆகும்.